‘அழி’ என்றால் ‘அழி’ என்று எழுதுகிறது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில், பேசினாலே கம்ப்யூட்டர் எழுதிக்கொள்ளும் வசதியைப் பற்றி ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். விரல்களுக்கு இனி வேலையே இல்லை என்கிற மாதிரி தலைப்பு. கட்டுரை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எழுதியவருக்கு விரல்கள் நன்றாக இருக்கின்றன என்பது முதல் பத்தியிலேயே தெரிந்துவிட்டது. பேசிப் பார்த்திருக்கிறார், தமிழ் எழுத்து திரையில் ஓடியிருக்கிறது, சந்தோஷப்பட்டிருக்கிறார். அப்புறம் மவுஸைப் பிடித்து அதை சேவ் செய்திருப்பார். அந்தக் கடைசி வேலையைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் ஆரணியில், தாலுகா ஆபீஸுக்குப் போகிற வழியில் ஜாப் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸும் உண்டு. பட்டா மாறுதல், வாரிசு சான்று, முதியோர் உதவித்தொகை, வழித்தகராறு என்று வருகிற மனுவெல்லாம் அடித்துக் கொடுப்பேன். 1987-இல் தட்டச்சுத் தேர்வில் தமிழ் ஹையர் பாஸ் செய்தவள். இங்கிலீஷ் லோயரோடு நின்றுவிட்டது. ‘யளனக’ என்று இடது கை விரல்களை வரிசையாக வைத்துப் பழகிய நாள் முதல், முப்பது வருடம் விசைப்பலகையைக் குனிந்து பார்த்ததில்லை. கடை போட்டபோது பழைய ரெமிங்டன் டைப்ரைட்டர். 2003-இல் கம்ப்யூட்டர் வந்தது. கம்ப்யூட்டர் வந்த பிறகும் அந்தப் பழைய தட்டச்சு முறையிலேயே அடித்தேன். கை போன பாதையை மாற்ற மனசு வரவில்லை.

2018 மழைக்காலத்தில் ஒரு நாள் காலையில் விரல்கள் மடங்க மறுத்தன. வெந்நீரில் ஒரு மணி நேரம் வைத்திருந்தால் கொஞ்சம் இளகும். மறுநாளும் அப்படியே. டாக்டர் சரவாங்கி என்றார். உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூட்டுகளைத் தாக்குகிற நோய், டைப் அடித்ததால் வந்ததில்லை என்று இரண்டு தடவை சொன்னார். எங்கள் தெருவில் ஒருவரும் அதை நம்பவில்லை. இப்போது இரண்டு கையிலும் விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்து நிற்கின்றன. மவுஸைப் பிடிக்க முடியும், அழுத்த முடியாது. பென்சிலைத் தலைகீழாகப் பிடித்து, ரப்பர் முனையால் ஒவ்வொரு எழுத்தாகக் குத்துகிறேன். ஒரு பக்க மனுவுக்கு முக்கால் மணி நேரம் ஆகும்.

ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு ஷிஃப்டையும் எழுத்தையும் சேர்த்து எப்படி அழுத்துவது? ஷிஃப்ட் விசையை ஐந்து தடவை தட்டினால் ‘டிங்’ என்று ஒரு பெட்டி வந்து நிற்குமே, பார்த்திருப்பீர்கள். கடைக்கு வருகிற பையன்கள் கேம் ஆடும்போது அது குறுக்கே வரும். எரிச்சலாக ‘நோ’ அழுத்துவார்கள். நானும் பதினைந்து வருடம் ‘நோ’தான் அழுத்தியிருக்கிறேன், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்ததே இல்லை. அதுதான் ஸ்டிக்கி கீஸ். ‘யெஸ்’ கொடுத்துவிட்டால், ஷிஃப்டைத் தட்டிவிட்டுக் கையை எடுத்துவிடலாம். அடுத்து எந்த விசையை அழுத்தினாலும் ஷிஃப்டும் சேர்ந்தே அழுந்தியதாக அது எடுத்துக்கொள்ளும். கன்ட்ரோல், ஆல்ட் எல்லாவற்றுக்கும் இப்படித்தான். விண்டோஸ் 95 காலத்திலிருந்தே இது உள்ளே இருக்கிறதாம். அதே மாதிரி, வலது பக்க ஷிஃப்டை எட்டு நொடி அழுத்திப் பிடித்தால் ஃபில்டர் கீஸ். என் விரல் ஒரு விசையின் மேல் விழுந்து எழும்ப நேரமானால் ‘கககககக’ என்று வரிசையாக ஓடும். இதைப் போட்ட பிறகு ஒரே ஒரு ‘க’வோடு நிற்கிறது. காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. கடையில் இத்தனை வருடம் என் எதிரிலேயே இருந்தது. யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உங்கள் இணைப்பிதழில் இதற்கு நாலு வரி ஒதுக்கியிருக்கலாம்.

குரலுக்கு வருகிறேன். கூகுள் 2017 ஆகஸ்டில் குரல்வழித் தட்டச்சில் தமிழைச் சேர்த்தது. இப்போது விண்டோஸ் 11-லும், விண்டோஸ் விசையோடு ‘ஹெச்’ அழுத்தினால் தமிழில் பேசி எழுதலாம். என் அக்கா மகன்தான் ஊரடங்கு நேரத்தில் ஒரு ஹெட்செட் வாங்கிவந்து மாட்டிவிட்டான். நான் இரண்டு மூன்று விதமாக முயன்று பார்த்திருக்கிறேன். எது எந்தத் தப்பு செய்தது என்று பெயர் போட்டு எழுதப் போவதில்லை. எல்லாம் ஏறக்குறைய ஒரே குட்டையில் ஊறியவைதான்.

முதல் நாள் அழுகை வந்துவிட்டது, அதை மறைக்கவில்லை. ‘வட்டாட்சியர் அவர்களின் சமூகத்திற்கு’ என்று சொன்னேன், சொன்னபடியே வந்து நின்றது. வட்டாட்சியரில் இருக்கிற ‘ட்’டு, ‘ட்’டு எல்லாம் சரியாக. இன்னொரு ஆச்சரியம்: எங்கள் பக்கம் வாழைப்பழம் என்பது வாயப்பயம்தான். என் நாக்கில் ‘ழ’ சரியாக வராது. அதற்கு அது பெரிய விஷயமே இல்லை. முன்னே பின்னே வருகிற சொற்களைப் பார்த்து ‘மழை’யா ‘மலை’யா என்று தானே முடிவு செய்துகொள்கிறது. ல, ள, ழ விஷயத்தில் கடைக்கு மனு எழுதிக்கொண்டு வருகிற பல பட்டதாரிகளைவிட அது தேவலை.

ஆனால் வீட்டில் பேசுகிற மாதிரி பேசினால் திணறிவிடும். ‘போயிட்டாரு’ என்பதற்கு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எழுத்துக்கூட்டல். அதனால் ஆகாஷவாணி செய்தி வாசிப்பது போல நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும். மனு எழுத வருகிற கட்சிக்காரர் தன் கதையை அவர் தமிழில் சொல்வார், நான் அதை மனுத் தமிழாக்கிச் சொல்வேன், கம்ப்யூட்டர் எழுதும். கட்சிக்காரர் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார், நான் ஏதோ பூஜை செய்கிற மாதிரி.

எங்கள் தொழிலுக்கென்று இருக்கிற சொற்கள்தான் அதற்குப் பெரிய தகராறு. ‘பட்டா எண்’ என்றால் ‘பட்டாணி’. ‘நத்தம் புறம்போக்கு’ ஒரு நாள் ‘ரத்தம் புறம்போக்கு’ ஆகிவிட்டது. நல்லவேளை, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பார்த்தேன். 114/2B என்கிற சர்வே எண்ணை நாங்கள் ‘நூத்திப் பதினாலு பை ரெண்டு பி’ என்போம். அது ‘114 பை ரெண்டு பி’ என்று எழுதுகிறது, கடைக்குப் போய் இரண்டு பை வாங்கி வரச் சொன்ன மாதிரி. எண்களை மட்டும் பென்சிலால்தான் குத்துகிறேன். சர்வே எண்ணில் ஒரு இலக்கம் மாறினால் பக்கத்து வயல்காரர் நிலமாகிவிடும்.

ஒரு வயதான அம்மா, வாரிசு சான்றுக்கு வந்தவர். ‘என் கணவர் இறந்துவிட்டார்’ என்று சொன்னேன். திரையில் ‘என் கணவர் இருந்துவிட்டார்’ என்று வந்ததை நான் கவனிக்காமல் அப்படியே படித்துக் காட்டிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. “இருந்தா நான் எதுக்கும்மா இந்த வெயில்ல இங்க வரேன்” என்றார். அன்றிலிருந்து யாருக்கு எழுதினாலும் ‘காலமானார்’ என்றுதான் சொல்கிறேன். அந்தச் சொல்லை அது இதுவரை மாற்றியதில்லை.

கட்டுரையில் சொல்லாத இன்னொன்று. பேசி எழுதுவது என்றால் சத்தமாகப் பேச வேண்டும். என் கடை பத்துக்குப் பன்னிரண்டு. வரிசையில் எப்போதும் நாலைந்து பேர் நிற்பார்கள். விரலால் அடித்த காலத்தில் கட்சிக்காரர் என் காதோரம் வந்து சொன்னது காகிதத்துக்குப் போகும், நடுவில் யாருக்கும் தெரியாது. ஒரு நாள் ஒரு பெண், முப்பது வயதுக்குள் இருக்கும், மகளிர் காவல் நிலையத்துக்குப் புகார் எழுத வந்தாள். கணவன் செய்ததையெல்லாம் என்னிடம் குனிந்து கிசுகிசுத்தாள். நான் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ‘எனது கணவர்’ என்று தொடங்கினேன். பின்னால் நின்ற இரண்டு பேர் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். அவள் முகத்தைப் பார்த்ததும் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டேன். பென்சிலால் குத்தி முடிக்க ஒன்றே கால் மணி நேரம் ஆனது. வரிசையில் இருந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே வேறு கடைக்குப் போனார்கள். இப்போதெல்லாம் அப்படிப்பட்ட மனுக்களுக்கு, மதியம் இரண்டு மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வரச் சொல்கிறேன். பேசி எழுதுவதைப் பற்றி எழுதுகிறவர்கள் தனி அறையில் உட்கார்ந்து பேசுகிறார்கள் போலிருக்கிறது.

இதெல்லாம் சமாளித்துவிடுகிற விஷயங்கள். சமாளிக்க முடியாதது ஒன்று இருக்கிறது. ஒரு பட்டா மாறுதல் மனுவில் ‘பொருள்’ வரியில் ஒரு சொல் தப்பாக விழுந்துவிட்டது. ‘அழி’ என்றேன். ‘அழி’ என்று எழுதியது. ‘டெலிட்’ என்றேன். ‘டெலிட்’ என்று தமிழ் எழுத்தில் அழகாக எழுதியது. ‘ஐயோ’ என்றேன். அதையும் எழுதியது. பட்டா மாறுதல் கோருதல் அழி டெலிட் ஐயோ தொடர்பாக. முற்றுப்புள்ளி வை என்றால் ‘முற்றுப்புள்ளி வை’ என்று எழுதி, புள்ளி வைக்காமல் காத்திருந்தது.

அக்கா மகனிடம் சொன்னபோது சிரித்துவிட்டு ஒரு பழைய வீடியோவைக் காட்டினான். 2006 ஜூலையில் மைக்ரோசாஃப்ட்காரர்கள் விண்டோஸ் விஸ்டாவில் வரப்போகிற பேச்சு வசதியைக் கூட்டத்தின் முன் செய்து காட்டுகிறார்கள். அம்மாவுக்குக் கடிதம் எழுதப் போகிறவர் ‘டியர் மாம்’ என்கிறார். அது ‘டியர் ஆன்ட்’ என்று அத்தைக்கு எழுதத் தொடங்குகிறது. அதைத் திருத்தச் சொல்லச் சொல்ல, ‘டெலிட்’, ‘செலக்ட் ஆல்’ என்று அவர் போட்ட உத்தரவுகளையும் கடிதத்திலேயே எழுதிக்கொண்டு போகிறது. கூட்டமே சிரிக்கிறது. பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை, நம்ம கதைதான் என்று தோன்றியது. அவர்களுக்கு அது ஒரு நாள் கூத்து. 2007 ஜனவரியில் விஸ்டா கடைக்கு வந்தபோது ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ஜப்பானியம், சீனம் பேசுகிறவர்கள் வாயாலேயே கோப்பைத் திறக்கவும் மூடவும் முடிந்தது.

இன்றைக்கு விண்டோஸ் 11-இல் வாய்ஸ் ஆக்சஸ் என்று ஒன்று இருக்கிறது, 2022-இல் வந்தது. நல்ல ஏற்பாடு. ‘ஷோ நம்பர்ஸ்’ என்று சொன்னால் திரையில் இருக்கிற ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு எண் முளைக்கும். ‘க்ளிக் செவன்’ என்றால் ஏழாவது பொத்தான் அழுந்தும். ஒருமுறை ஏற்றிவிட்டால் நெட் இல்லாமலும் ஓடும். மவுஸ் என்ற ஒன்றைத் தொடவே வேண்டாம். முதலில் ஆங்கிலத்துக்கு வந்தது, அப்புறம் ஸ்பானிஷ், ஜெர்மன், பிரெஞ்சு என்று சேர்த்துக்கொண்டே போகிறார்கள். தமிழ் இல்லை. கூகுள் டாக்ஸிலும் இதே நிலைதான்: தமிழில் சொல்லி எழுதலாம், ஆனால் எழுதியதைத் திருத்துகிற குரல் உத்தரவுகள் ஆங்கிலத்துக்கு மட்டும்.

ஆக, எழுதச் சொன்னால் தமிழில் எழுதும். வேலை சொன்னால் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். நான் லோயர் இங்கிலீஷை வைத்துக்கொண்டு எப்படியோ ஓட்டுகிறேன். அதிலும் தமிழ் கேட்பதை உட்கார வைத்துவிட்டு ஆங்கிலம் கேட்பதை எழுப்ப வேண்டும், அப்புறம் திரும்ப மாற்ற வேண்டும். ஒரு மனுவுக்குள் இருபது தடவை. எங்கள் பக்கத்துக் கடை தையல்காரர் பக்கவாதம் வந்து வலது கை விழுந்தவர், படித்தது ஐந்தாம் வகுப்பு. பேத்திக்கு ஒரு கடிதம் அடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு என் கடையில் உட்கார்ந்தார். தமிழில் சொல்லி முடித்தார், அருமையாக வந்தது. அதை அனுப்புவதற்கு ‘ஷோ நம்பர்ஸ்’ சொல்லுங்கள் என்றேன். “சோறு நம்பர்ஸ்” என்று ஆரம்பித்து அவரும் சிரித்து நானும் சிரித்து, கடைசியில் என் பென்சில்தான் அனுப்பியது.

பொறியாளர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களிடம் ஒரு கேள்வி. 1962-இல் அமெரிக்காவில் சியாட்டில் கண்காட்சியில் ஐபிஎம் நிறுவனம் ஷூபாக்ஸ் என்று ஒரு பெட்டியைக் காட்டியதாம். எண்கள் பத்து, கூட்டு, கழி மாதிரி இன்னும் சில, மொத்தம் 16 சொற்களைக் காதால் கேட்டுக் கணக்குப் போடும். நான் பிறப்பதற்கு முன்னால் நடந்த கதை. என் கடைக்கு எத்தனை உத்தரவு வேண்டும் என்று ஒரு வாரம் நோட்டில் குறித்துப் பார்த்தேன். நாற்பதைத் தாண்டவில்லை. ‘இறந்து’, ‘இருந்து’ எல்லாம் கலந்து கிடக்கிற முழு மனுவையும் காதால் கேட்டு எழுதிவிடுகிற இயந்திரத்துக்கு நாற்பது சொல் அதிகமா?

செய்கிறவர்கள் தயவுசெய்து என் மாதிரி கடையில் ஒரு நாள் உட்கார்ந்துவிட்டுச் செய்யுங்கள். ‘நீக்குக’, ‘அச்சிடுக’, ‘சேமிக்குக’ என்று ஒரு குழு உட்கார்ந்து பட்டியல் போட்டுவிடும் என்பதுதான் என் பயம். தமிழ் ஹையர் படித்த நானே ‘சேமி’ என்று வாயால் சொன்னதில்லை. சேவ் பண்ணு, பிரிண்ட் போடு, அந்த வரிய எடுத்துடு, மேல போ, இன்னும் கொஞ்சம் மேல, அவ்ளோதான், நிறுத்து. நாங்கள் கடைப் பையனிடம் இப்படித்தான் வேலை சொல்கிறோம். இயந்திரமும் அதைத்தான் கேட்டுப் பழக வேண்டும். எழுத வேண்டிய சொல் எது, உத்தரவு எது என்று அதற்குக் குழப்பம் வருமே என்றால், கூப்பிடுவதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டால் போகிறது. நான் முதலில் ‘தம்பி’ என்று யோசித்தேன்: “தம்பி, சேவ் பண்ணு.” ஆனால் ஆரணி தாலுகாவில் பாதி மனு தம்பி நிலத்தை எடுத்துக்கொண்டான் என்றுதான் வருகிறது. அதனால் ‘கண்ணா’ என்று வைக்கலாம். இத்தனை வருடத்தில் ஒரு மனுவிலும் கண்ணா வந்து பார்த்ததில்லை.

இதோடு ஒட்டிய ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பார்வை இல்லாத ஆசிரியர் ஒருவர் கடைக்கு வருவார். திரையில் இருப்பதை வாய்விட்டுப் படித்துச் சொல்கிற என்விடிஏ என்ற திரை வாசிப்பானை வைத்திருக்கிறார். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற ஒருவர் 2006-இல் தொடங்கி, பார்வையற்ற இன்னொருவரும் சேர்ந்து வளர்த்தது, இலவசம், தமிழும் படிக்கும். நான் பழைய எழுத்துருவில் அடித்து வைத்த ஒரு கோப்பை அவருக்குக் கொடுத்துவிட்டேன். மறுநாள் வந்து, “அம்மா, ஒரே இங்கிலீஷ் எழுத்தா வாசிக்குது” என்றார். அப்புறம்தான் புரிந்தது. பாமினி மாதிரி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடித்தால் கண்ணுக்குத்தான் அது தமிழ். உள்ளே ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி, அவ்வளவுதான். காதால் படிக்கிறவருக்கு வெறும் உளறல். உள்ளேயும் தமிழ் எழுத்தாகவே இருக்கிற யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010-லேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனால் இன்றும் பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகள் என் கடை மேசைக்கு வராத வாரம் இல்லை. குரலால் நான் எழுதுவது யூனிகோட், அதை அந்தக் கோப்புக்குள் ஒட்டினால் இரண்டும் சண்டை போட்டுக்கொண்டு கட்டம் கட்டமாக நிற்கும். அந்த ஆசிரியருக்கு முழுவதையும் மறுபடி சொல்லி எழுதிக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. என் தப்புதானே.

இந்தக் கடிதத்தை மூன்று நாளாக, கட்சிக்காரர்கள் இல்லாத நேரத்தில் சொல்லி எழுதியிருக்கிறேன். பெயர் போட வேண்டாம். கடைக்கு வந்தவர்கள் விஷயமெல்லாம் இதில் இருக்கிறது, ஊரில் கண்டுபிடித்துவிடுவார்கள். சாயங்காலம் அக்கா மகன் வந்து பிரிண்ட் எடுத்துத் தபாலில் சேர்ப்பான். நடுவில் எங்காவது சம்பந்தமில்லாமல் ‘அழி’ என்றோ ‘ஐயோ’ என்றோ வந்திருந்தால் எடுத்துவிட்டுப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஜாப் டைப்பிங் கடைக்காரி,
ஆரணி